உறையாத பால்மா

கொழுகொழுவென்று ஒரு பிள்ளையைக் கண்டால் மற்றவர்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள். நான் காலைப் பார்ப்பேன். தொழில் கொடுத்த வியாதி இது. ஓய்வு பெற்ற பிறகும் விட்டபாடில்லை. கல்யாண வீட்டில் யாராவது தங்கள் பிள்ளையை என் மடியில் வைத்தால், என் பெருவிரல் தானாகவே அதன் பாதத்தை அழுத்திப் பார்க்கப் போய்விடும். "கப்றுக் குழிக்குள்ள முன்கர் நகீர் எண்ட வானவங்க வந்து கேள்வி கேட்டாலும், முதல்ல உங்கட ஐடென்டி கார்ட்டக் காட்டுங்க எண்டுதான் நீ சொல்லுவாய்" என்று என் மாப்பிள்ளை, அதாவது என் கணவர், சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். கற்பிட்டிப் பக்கத்து மணல் ஒழுங்கைகளில் இத்தனை வருடம் குடும்பநல உத்தியோகத்தராக, சனங்களின் வாயில் மிட்வைஃப் மிஸ்ஸாக, திரிந்தவள் நான். கேட்டதையெல்லாம் நம்பியிருந்தால் சில பிள்ளைகளை மையவாடிக் குழிக்குத்தான் அனுப்பியிருப்பேன்.

போன மாதம், இப்போது அந்தப் பகுதியில் வேலை செய்யும் இளம் மிட்வைஃப் பிள்ளைகள் இருவர் வீட்டுக்கு வந்தார்கள். ஊரில் மறுபடி ஓர் உணவு வங்கி திறக்கப் போகிறார்களாம். பலகைகூட எழுதியாகிவிட்டதாம். "மிஸ், முந்தி ஒரு உணவு வங்கியோட நீங்க கொளுவிக்கொண்டு சண்டை பிடிச்சதாமே. என்ன நடந்த எண்டு எழுதித் தாங்களேன்" என்றார்கள். எனக்கு அந்தப் பெயரே பிடிபட்டதில்லை. வங்கி என்றால் போட்டவன் எடுப்பான். குறைந்தால் மனேஜரிடம் போய்ச் சத்தம் போடுவான். இங்கே எடுப்பவன் போட்டவனில்லை. அவன் சத்தம் போட்டால் அடுத்த தடவை அவனுக்குப் பை கிடைக்காது. வாங்குகிறவன் வாய் திறக்க முடியாத இடத்தில், கொடுக்கப்படும் சாப்பாட்டை யாராவது ஒருத்தர் சந்தேகக் கண்ணோடு பார்க்கத்தான் வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

தானமாக வரும் சாப்பாட்டில் எனக்குச் சந்தேகம் வந்தது வேலைக்குப் போன பிறகல்ல. தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வள்ளம் ஏறி, கற்பிட்டிக் கரையில் இறங்கிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. தென்னந்தோப்புக்குள் கிடுகுக் கொட்டில். நிவாரணமாக வந்த கோதுமை மாவை உம்மா அரிக்கும்போது அரிதட்டில் மிஞ்சுவது நெளியும். "தாறத வாங்கு மகள், நொட்டை சொல்லாத" என்பார் உம்மா. வாங்கினேன், நொட்டையும் சொன்னேன். மாவும் சீனியும் பருப்பும், திரும்பவும் மாவும் சீனியும் பருப்பும். கொஞ்ச நாளில் முகாமில் பிள்ளைகளின் கடைவாய் வெடித்துப் புண்ணாகியது. வயிறு நிறைந்திருந்தது, ஆனால் பிள்ளைகள் தேறவில்லை. அது ஏன் என்று யாரிடம் கேட்பதென்று அப்போது எனக்குத் தெரியாது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளைச் சீருடை, பாதி விளங்கிய சிங்கள விரிவுரைகள், பிரசவ அறையில் ஒரு தடவை மயங்கி விழுந்தது, அவ்வளவுதான். நியமனம் கிடைத்தது நான் அகதியாக இறங்கிய அதே கரைப் பகுதிக்கு.

வீடு பார்க்கப் போனால் நான் முன்வாசலால் நுழைவது குறைவு. முன்பக்கம் கதிரை இருக்கும், தேத்தண்ணி வரும், சொல்லிவைத்த மறுமொழியும் வரும். நான் குசினிப் பக்கமாகப் போய் நிற்பேன். "பிள்ளைக்கு என்ன குடுக்கிறீங்க?" என்று நேரே கேட்டால் எல்லாத் தாய்மாரும் முட்டை, மீன், கீரை என்று கிளினிக்கில் நாங்கள் சொல்லிக் கொடுத்ததையே எங்களுக்குத் திருப்பிச் சொல்வார்கள். ஆகவே, "இண்டைக்கு என்ன ஆக்கின? ஆரு முதல்ல சாப்பிட்ட? சட்டியில என்ன மிச்சம்?" என்று கேட்டுக்கொண்டே மூடியைத் தூக்குவேன். முட்டை கொடுத்ததாகச் சொன்னால் முட்டைக்கோது எங்கே என்று கண் தேடும். எனக்கு சி.ஐ.டி. மிஸ் என்று பட்டம் வைத்திருந்தார்கள். என் காதுபடவே சொல்வார்கள், கோபம் வந்ததில்லை.

யுத்தம் முடிந்து கொஞ்ச வருடத்தில் ஒரு மழைக்காலம், தாழ்வான வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. லொறியில் நிவாரணம் வந்தது. பிஸ்கட், நூடில்ஸ், தகரத்தில் அடைத்த மீன் ரின். வலை காய்கிற கரையில் மீன் ரின்! "எங்கட மீனத்தான் அடைச்சு எங்களுக்கே திருப்பித் தாறாங்களோ மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் ஒவ்வொரு ரின்னின் மூடியையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். நல்ல ரின் அசையாது. சில மூடிகள் டிக் என்று உள்ளே போய்த் திரும்பவும் எழும்பின. உள்ளே கெட்டு வாயு அடைத்தவை அவை; மணலில் குழி தோண்டிப் போட்டோம். கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனபின், நான் குழி தோண்டிய படத்தை எடுக்க ஒருத்தரும் இருக்கவில்லை.

என் கடைசி மேலதிகாரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சுகாதார வைத்திய அதிகாரி. சிலாபம் பக்கத்துச் சிங்களவர். முன்னேஸ்வரத்துக்கு அருகில் வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. எந்தச் சங்கதியைக் கொண்டு போனாலும் முதலில் கையிலிருக்கும் பேனையை மூடி மேசையில் வைப்பார். பிறகு கேட்பார்: "மிஸ், இது பார்த்ததா, கேட்டதா, நினைச்சதா?" பார்த்தது என்றால் பேனையைத் திறப்பார். கேட்டது என்றால், "யாரிட்ட?" என்பார். நினைத்தது என்றால் முகம் கோணாமல், "நல்லது, போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், "இது பார்த்த மீனா, நினைச்ச மீனா?" என்று நாங்கள் அவரைப் பகிடி பண்ணுவோம். ஊரையெல்லாம் சந்தேகப்படுகிற என்னையே சந்தேகப்பட ஒரு மனிதர் வந்து சேர்ந்தாரே என்று ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. போகப்போக, இந்த மனிதரிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வைத்துவிட்டால் பிறகு அதை யாரும் அசைக்க முடியாது என்று விளங்கியது.

பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் வந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. பசளை இல்லாமல் வெங்காயத் தோட்டங்கள் காய்ந்தன. பாலாவிச் சந்தியில் லொறிகள் நாட்கணக்கில் அசையாமல் நின்றன. அப்போதுதான் எங்கள் ஊர் ஹாஜியார் ஒருவர், கடை கண்ணி உள்ள நாலு பேரைச் சேர்த்து, பள்ளிவாசலுக்குப் பக்கத்து மண்டபத்தில் உணவு வங்கியை ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமைகளில் பை கொடுப்பார்கள். அரிசி, கோதுமை மா, சீனி, கொஞ்சம் பருப்பு, ஒரு பொலித்தீன் பையில் வெள்ளை மா. அந்த வெள்ளை மாவுக்காகத்தான் சனம் அடித்துப் பிடித்துக்கொண்டு போனது. புத்தளம் கடைகளில் காசு கொடுத்தாலும் கிடைக்காத பால்மா இங்கே சும்மா கிடைத்தது. ஹாஜியாருக்கு துஆ செய்யாத வாய் இல்லை.

எனக்கு அதுதான் உறுத்தியது. நாட்டில் இல்லாத பொருள் இவருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? ஒரு வியாழக்கிழமை மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தேன். பெரிய சாக்கிலிருந்து அகப்பையால் அள்ளி, சின்னப் பைகளில் போட்டு, மெழுகுதிரிச் சுடரில் வாயை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். "என்ன மா இது?" என்றேன். "பால்மாதான் மிஸ்" என்றார் ஒருவர். "எந்த நாட்டுப் பால்மா?" "அது ஹாஜியாருக்குத்தான் தெரியும்." சாக்கில் இருந்த எழுத்து ஏதோ ஒரு பாசை, அங்கே நின்ற எவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. டொக்டரிடம் சொன்னேன். பேனை மூடப்பட்டது. "பார்த்ததா, கேட்டதா, நினைச்சதா?" "நினைச்சது டொக்டர்." "நல்லது, போய்ப் பாருங்க."

எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடற்காற்றில் ஈரம் அதிகம். பையில் கிடந்த மா இரண்டு நாளில் கட்டிபடும், எறும்பும் மொய்க்கும். ஆகவே மாப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு வெட்டி, பழைய பால்மா ரின்னில் கொட்டி மூடிவிடுவார்கள். பையை எறிந்துவிடுவார்கள். எந்தக் குசினிக்குப் போனாலும் சுவர்த் தட்டில் பசுமாட்டுப் படம் போட்ட ரின் ஒன்று நிற்கும். அந்த வருடமும் அந்த ரின்கள் அப்படியேதான் நின்றன. வெளியே மாடு மேய்ந்தது. உள்ளே என்ன இருந்தது என்பதுதான் பிரச்சினை.

பஸ்மியா என் பகுதியில் இருந்தவள். அவளுடைய வாப்பாவும் உம்மாவும் எங்களோடு வள்ளத்தில் வந்தவர்கள். அவள் பிறந்தது முகாமில். மாப்பிள்ளை வெங்காயத் தோட்டத்தில் கூலி. மூத்தது ஒரு பையன், அடுத்தது ஹனா, ஒரு வயதை எட்டிக்கொண்டிருந்தாள். பஸ்மியாவுக்கு வயிற்றில் மூன்றாவது தங்கியதும், வயிற்றுப் பிள்ளைக்காரியின் பால் குடித்தால் பிள்ளைக்கு ஆகாது என்று அவளுடைய மாமி தாய்ப்பாலை நிறுத்திவிட்டார். நான் சண்டை பிடித்துப் பார்த்தேன். மாமியை வெல்ல முடியவில்லை.

நிறுக்கும் நாளன்று மத்ரஸா விறாந்தையில் தராசைத் தொங்கவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் காற்சட்டைபோல் தைத்த பையில் இருத்தி நிறுத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் முக்கால்வாசிப் பிள்ளைகளின் நிறை நின்ற இடத்திலேயே நின்றது. ஹனாவை வைத்ததும் முள் நன்றாக ஏறியது. கன்னம் ஊதி, கை கால் திரண்டு, உருட்டி வைத்ததுபோல் இருந்தாள். "மாஷா அல்லாஹ்! ஹாஜியார்ட பால்மா வேலை செய்யுது" என்றாள் ஒருத்தி. பஸ்மியாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. மற்றத் தாய்மார் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

எனக்குச் சந்தோசம் வரவில்லை. எல்லாப் பிள்ளைகளும் மெலிகிற வருடத்தில் இது மட்டும் எப்படிக் கொழுக்கும்? பஸ்மியாவைப் பார்த்தேன், கன்ன எலும்பு தெரிந்தது. பிள்ளையைப் பார்த்தேன். தராசில் தூக்கி வைத்தபோது அழவுமில்லை, உதைக்கவுமில்லை. ஒரு வயதுப் பிள்ளை தராசைக் கண்டால் ஊரைக் கூட்ட வேண்டும். முடி செம்பட்டை பாய்ந்திருந்தது. தலையைத் தடவினேன், விரலோடு கொஞ்சம் முடி வந்தது. பிறகு பாதத்தின் மேல்பக்கத்தில் பெருவிரலை வைத்து அழுத்தி, கொஞ்சம் பொறுத்து எடுத்தேன். கொழுத்த பிள்ளையின் சதை உடனே எழும்பும். ஹனாவின் பாதத்தில் என் விரல் பதிந்த பள்ளம் அப்படியே கிடந்தது. அது சதையில்லை, நீர். ஏறிய நிறை முழுக்க நீர்.

நீர் கோர்த்தால் முதலில் சிறுநீரகத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். பஸ்மியாவின் மடியில் பிள்ளையை வைத்து, கிண்ணத்தோடு வெகுநேரம் காத்திருந்து, கொஞ்சம் மூத்திரம் பிடித்தோம். கர்ப்பிணிகளுக்குச் செய்வதுபோலக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேல்பாதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைத்தேன். சிறுநீரகத்தில் கோளாறு என்றால் கொதித்த பகுதி முட்டை வெள்ளைக்கருபோல் கலங்கும். கலங்கவில்லை. இரண்டாம் தரமும் செய்தேன். கண்ணாடியாய்த் தெளிந்திருந்தது. அப்படியென்றால் சிறுநீரகம் இல்லை. இந்த வீக்கத்தை நான் பாடப் புத்தகப் படத்தில் மட்டுமே கண்டிருந்தேன். வயிறு நிறையத் தின்றும் உடம்பைக் கட்டுகிற புரதம் துளியும் கிடைக்காத பிள்ளைக்கு வருவது.

"புள்ளைக்கு என்ன குடுக்கிறீங்க?" முதல் தடவையாக நேரே கேட்டேன்.

"பால்தான் மிஸ். காலையில பால், மத்தியானம் சோத்தில பால விட்டுப் பிசைஞ்சு குடுக்கிறன், அந்திக்கும் பால்."

"மீன்?"

"மீன் கிரந்தி, உடம்பெல்லாம் புண்ணாக்கும் எண்டு மாமி சொல்ற. பாலிருக்கேக்க மீன் என்னத்துக்கு மிஸ்?"

பாலைக் குடித்தால் இந்த வீக்கம் வராது. ஒன்றில் இவள் பொய் சொல்கிறாள், அல்லது பை வாங்கி விற்றுவிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே அவள் வீட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். மாட்டுப் படம் போட்ட ரின் இருந்தது. திறந்தேன், முக்கால்வாசி மா இருந்தது. விற்கவில்லை. போத்தலை மோந்து பார்த்தேன்; கழுவிச் சுடுதண்ணீரில் போட்டு வைத்திருந்தாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மாவைக் கொஞ்சம் எடுத்து நாக்கில் போட்டேன். இனித்தது. பிறகு மேலண்ணத்தில் மெழுகு பூசியதுபோல் ஒட்டிக்கொண்டது. பால் வாசம் இல்லை.

ஹனாவைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் துண்டு எழுதி, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். ரின்னிலிருந்து ஒரு கோப்பை மாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் அலுமாரியில் மகள் அனுப்பிய உண்மையான பால்மா கொஞ்சம் பத்திரமாக இருந்தது. இரண்டையும் தனித்தனிக் கோப்பையில், ஒரே சூட்டுத் தண்ணீரில் கரைத்தேன். கண்ணால் பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டிலும் ஒரே அளவு தயிர் உறை விட்டு, துணியால் மூடி வைத்தேன். "நாட்டில பால்மா இல்லாத நேரத்தில தயிர் போடுறா, பெரிய இடத்துப் பொம்புள" என்றார் என் மாப்பிள்ளை. காலையில் ஒன்று கரண்டி நிற்கும்படி உறைந்திருந்தது. மற்றது வெள்ளைத் தண்ணீராகவே கிடந்தது, மேலே எண்ணெய்ப் படலம் வேறு.

இரண்டு கோப்பைகளையும் சிந்தாமல் ஸ்கூட்டியில் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வைத்தேன். அவர் பேனையை மூடினார். வாய் திறக்க முன்னமே, "பார்த்தது டொக்டர்" என்றேன். அவர் இரண்டையும் சரித்துப் பார்த்தார். உறையாததில் ஒரு துளி நாக்கில் வைத்தார்.

"தேத்தண்ணிய வெள்ளையாக்கிற மா மிஸ் இது. எண்ணெயும் சீனிப்பாகும். மாட்ட கண்ணால கண்டிராது."

பேனையைத் திறந்தார். "வேற பிள்ளைகள்?"

"இருக்கும் எண்டு நினைக்கிறன்."

"போய்ப் பாருங்க" என்றார். இந்தத் தடவை அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. தானும் எழுந்து வந்தார். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் கால்களை அழுத்திப் பார்த்தோம். வீங்கியவை இன்னும் சில இருந்தன, ஹனா அளவுக்கு மோசமில்லை.

ஹாஜியாரின் வீட்டுக்கு நான் தனியாகத்தான் போனேன். கடைக்காரர்களிடம் பால்மாக் காசை வாங்கி மெழுகு மாவைப் போட்டுவிட்டு மிச்சத்தை விழுங்கிவிட்டார் என்றே முடிவு கட்டியிருந்தேன். மரியாதையாகக் கதிரை போட்டார். உள்ளிருந்து அவருடைய மனைவி பால் தேத்தண்ணி அனுப்பினார். ஒரு மிடறு குடித்தேன். நாக்கில் ஒட்டவில்லை. நல்ல பால்.

"ஹாஜியார், இது எந்தப் பால்மா?"

"வீட்டுல பாவிக்கிறதுதான் மிஸ்."

"சனத்துக்குக் குடுக்கிறதா?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "அது வேற."

நான் ஹனாவைப் பற்றிச் சொன்னேன். கேட்கக் கேட்க அந்த மனிதரின் முகம் செத்துப்போனது. "கொழும்புல மொத்தக் கடையெல்லாம் ஏறி இறங்கினன் மிஸ். பால்மா இல்ல. இருந்த இடத்துல விலையக் கேட்டா மயக்கம் வரும். இது தேத்தண்ணிக் கடைகளுக்குப் போற மா. ஏழைச் சனம் தேத்தண்ணி வெள்ளையாக் குடிச்சா மனசு குளிரும் எண்டுதான் வாங்கின. கைப்புள்ளைக்குக் கரைச்சுக் குடுப்பாங்க எண்டு ஆரு கண்ட?"

"பால்மா எண்டு சொல்லித்தானே குடுத்தீங்க?"

"வேற என்னெண்டு சொல்ற மிஸ்? அதுக்கு வேற பேர் இருக்கா?"

தேத்தண்ணிக்குள் போடும் வெள்ளை மா எதுவானாலும் எங்கள் வாயில் பால்மாதான். கொடுத்தவர் தேத்தண்ணியை நினைத்து அந்தச் சொல்லைச் சொன்னார். வாங்கியவள் பிள்ளையை நினைத்து அதைக் கேட்டாள். ஆனாலும் அவருடைய வீட்டுக் குசினியில் வேறு ரின் இருந்ததே? அங்கேயே வளரும் பேரப்பிள்ளைக்கு எதைக் கரைப்பது என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்ததே? அவர் அறிந்து செய்தாரா, அறியாமல் செய்தாரா, அறிய விரும்பாமல் செய்தாரா? இன்றைக்கும் என் சந்தேகம் தீரவில்லை. அவரோடு மல்லுக்கு நிற்கவும் மனம் வரவில்லை. அந்தப் பையில் இருந்த அரிசியில்தான் ஊர் அந்த வருடம் உயிர் தப்பியது என்பதும் உண்மை.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும் என்றேன். "நஞ்சு குடுத்தான் எண்டு சனம் சொல்லும் மிஸ். என்ட ஸதகா, தானதர்மம் எல்லாம் பாழ்" என்று கையைப் பிசைந்தார். டொக்டர் வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் உயர்த்தாமல், தான் அழுத்திப் பார்த்த கால்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் அறிவித்தார்கள். இது தேத்தண்ணிக்குப் போடுகிற மா, இதில் பாலில்லை, பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த வாரத்திலிருந்து பையில் பயறும் நெத்தலியும், கிடைத்தபோது முட்டையும் போடச் சொன்னோம். "கடற்கரைச் சனத்துக்கு நெத்தலி குடுத்தவன் எண்டு என்னைப் பாத்துச் சிரிப்பாங்க" என்றார் ஹாஜியார். வள்ளங்கள் கரையில் கிடந்த வருடம் அது, யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் என்னைத் திட்டினார்கள். கிடைத்துக்கொண்டிருந்த பால்மாவை நிப்பாட்டிய மிஸ் என்று பெயர் வந்தது. கிளினிக்கில் நான் நடந்தால் கதை நின்றுவிடும். சிலர் ரின்னை ஒளித்து வைத்துக்கொண்டு, "இல்ல மிஸ், முடிஞ்சு போச்சு" என்றார்கள். ஹனா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நிலைமை இன்னும் மோசமாகியது. வைத்தியம் சரியாக நடந்திருந்தது. நீர் வற்றியிருந்தது, வற்றியதும், அதுவரை வீக்கத்துக்குள் ஒளிந்திருந்த எலும்பும் தோலும் வெளியே வந்தன. தராசில் வைத்தால் முள் கீழே இறங்கியிருந்தது. "உருண்டை மாதிரி இருந்த புள்ளையக் கொண்டுபோய்க் கருவாடாக்கிக் கொண்டு வந்திருக்கா" என்றார் மாமி. பிள்ளை சுகமாகிக்கொண்டிருந்தாள், என் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரிந்தது. தராசைக் கண்டு வீரிட்டு அழுதாளே, அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று யாரிடம் சொல்வது?

சில வாரம் கழித்து, கிளினிக் முடிந்து எல்லோரும் போன பிறகு, பஸ்மியா ஹனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. ஹனாவின் கன்னத்தில் கொஞ்சம் உண்மையான சதை பிடிக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளைக்கென்று வைத்திருந்த சத்துமாப் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"மிஸ், ஒண்டு கேக்கட்டா? அந்த மா எங்க வீட்டுல எல்லாருக்கும் எண்டுதான் தந்த. நானும் அவரும் ஒரு சொட்டுக் குடிக்கல்ல. பிளேன்டீதான். மூத்தவன் பால் கேட்டு அழுவான். அடிச்சுப்போட்டு, நான் இவளுக்கே கரைச்சுக் குடுத்த. புள்ள ஊத ஊத இன்னும் ஒரு கரண்டி கூடப் போட்ட."

ஹனாவை மற்ற இடுப்புக்கு மாற்றினாள்.

"எல்லாரும் பங்கு போட்டுக் குடிச்சிருந்தா இவளுக்கு இது வந்திருக்காதா மிஸ்?"

வந்திருக்காது. பங்கு போட்டிருந்தால் ஆளுக்கு ஒரு தேத்தண்ணியோடு அது போயிருக்கும். ஹனா பசியில் அழுதிருப்பாள், யாராவது வாயில் கொஞ்சம் மீனையோ பருப்பையோ வைத்திருப்பார்கள். தாயின் தியாகம்தான் பிள்ளையை அந்த நிலைக்குக் கொண்டுபோனது. இத்தனை வருடம் மற்றவர்களிடம் உண்மையைக் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கியவள் நான். அன்றைக்கு அந்த உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இல்ல மகள். எப்படிக் குடிச்சிருந்தாலும் வந்திருக்கும்" என்றேன்.

பஸ்மியா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நம்பவில்லை. பிறகு, நான் நீட்டிய பொட்டலத்தைக் கண்ணால் காட்டிக் கேட்டாள்.

"இதுக்குள்ள என்னென்ன இருக்கு மிஸ்? ஒண்டொண்டாச் சொல்லுங்க."

சோளம், சோயா, பால் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "பால் எண்டா, மாட்டுப் பாலா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கையை நீட்டவில்லை.